சுமைதூக்குவோர் பெயர் பெற்ற கரும்பீர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

முன்னுரை

கல்லூரி ஆண்டு மலரில் பீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் வியக்கக் கூடும். என் வீட்டிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. "குடியப் பத்தி எழுதறதுக்கா கண்ணு உன்னயக் காலேசுக்கு அனுப்புனோம்?" என்று என் தாயார் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அவருக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அந்தப் பதிலே இக்கட்டுரை எனலாம்.

சென்ற பருவத்தில் கரிம வேதியியல் வகுப்பில் நொதித்தல் பற்றிய பாடம் நடந்தது. பீர் வகைகளைச் சொல்லி வந்த எங்கள் பேராசிரியர், "போர்ட்டர் என்று ஒரு கரிய பீர் உண்டு" என்று கூறிவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றார். ஆங்கிலச் சொற்களின் பொருளை அன்றன்றே அகராதியில் பார்த்துக் குறித்துக் கொள்வது என் வழக்கம். தமிழ் வழியில் படித்து வந்த நமக்கு அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். 'போர்ட்டர்' என்பதற்கு முதற்பொருள் சுமை தூக்குபவர் என்றும், மற்றொரு பொருள் கருநிற பீர் என்றும் இருந்தது.

என் தந்தையார் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் லோடுமேன். மாலையில் கீரனூரிலிருந்து பேருந்து ஏறினால் விடிந்த பிறகுதான் வீடு திரும்புவார். திரும்பும்போது பல நாள் குடித்திருப்பார். ஒரே சொல்லுக்குள் என் தந்தையாரின் தொழிலும் அவரைப் பிடித்த பழக்கமும் அருகருகே நிற்பதைக் கண்டதும் அகராதியை மூட எனக்கு மனம் வரவில்லை. அன்று தொடங்கிப் படித்தவற்றையும், நம் ஆய்வகத்தில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். என் தந்தையாரைப் பற்றி எழுதுபவை அனைத்தும் அவருடைய அனுமதியோடு எழுதப்படுபவை.

பெயர் வந்த வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் சுமை தூக்கிப் பிழைத்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். தேம்ஸ் ஆற்றில் வந்து நிற்கும் கப்பல்களிலிருந்து தானியம், உப்பு, நிலக்கரி முதலியவற்றை இறக்கிக் கரை சேர்ப்பதும், நகருக்குள் மூட்டைகளையும் கடிதங்களையும் கொண்டு செல்வதும் அவர்கள் தொழில். அவர்களுள் ஒரு பிரிவினர் அடையாள வில்லை அணிந்திருந்தனர். அவர்களுக்கு 'டிக்கெட் போர்ட்டர்' என்று பெயர். இத்தொழிலாளர்கள் விரும்பிப் பருகிய கரும்பழுப்பு நிற பீருக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. 1720களிலேயே இப்பெயர் அச்சில் காணப்படுகிறது.

1722ஆம் ஆண்டு ரால்ஃப் ஹார்வுட் என்பவர் இதனைக் கண்டுபிடித்ததாக ஒரு கதை உண்டு. அக்காலத்தில் கடைகளில் இரண்டு மூன்று பீப்பாய்களிலிருந்து கலந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கலவையின் சுவையை ஒரே பீப்பாயில் கொண்டு வந்தவர் அவர் என்பது அக்கதை. பின்னாளில் எழுதி வைக்கப்பட்ட இக்கதையை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. இலண்டனில் முன்பே இருந்த பழுப்பு பீரைக் கூடுதல் ஹாப்ஸ் சேர்த்து, மாதக்கணக்கில் பழக வைத்து விற்றதன் வாயிலாகப் போர்ட்டர் படிப்படியாக உருவாயிற்று என்பதே பொருத்தமானது.

பழக வைக்கப் பழக வைக்கச் சுவை கூடியதால் பெரிய தொட்டிகள் தேவைப்பட்டன. ஆலைகள் ஒன்றையொன்று மிஞ்சும் வகையில் தொட்டி கட்டின. அதன் விளைவு ஒரு பெரும் துயரமாக முடிந்தது. 1814 அக்டோபர் 17 அன்று, இலண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த மியூ நிறுவனத்தின் ஆலையில், 22 அடி உயர மரத் தொட்டி ஒன்று இரும்புப் பட்டை கழன்று வெடித்தது. இலட்சக்கணக்கான லிட்டர் போர்ட்டர் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்துச் சேரிக்குள் பாய்ந்தது. பெண்களும் குழந்தைகளுமாக எட்டுப் பேர் மாண்டனர். இது தற்செயலாக நேர்ந்த விபத்து என்று விசாரணையில் முடிவாயிற்று. கொட்டிப் போன பீருக்குக் கட்டிய வரியை ஆலை திரும்பப் பெற்றது. இறந்தவர் குடும்பங்களுக்கு ஆலை இழப்பீடு எதுவும் தரவில்லை.

'ஸ்டவுட்' என்ற மற்றொரு பெயரையும் நாம் கேள்விப்படுகிறோம். ஸ்டவுட் என்றால் வலுவானது என்று பொருள். வலுவான போர்ட்டரை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றனர். நாளடைவில் பின்சொல் உதிர்ந்து ஸ்டவுட் என்பது தனிப்பெயராயிற்று. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1759இல் ஆர்தர் கின்னஸ் தொடங்கிய ஆலை பின்னர் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது.

நான்கு மூலப்பொருள்கள்

சாராயத்தைப் போல பீரை வடிப்பதில்லை. நொதிக்க வைப்பதோடு சரி. நீர், முளைத்த தானியம், ஹாப்ஸ், ஈஸ்ட் என்னும் நான்கே அதன் மூலப்பொருள்கள். ஒவ்வொன்றிலும் நம் பாடத்தின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

1. நீர்: நம் பகுதிக் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெண்மையாக ஒரு படிவு ஒட்டுவதை நாம் அறிவோம். நீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட்டு சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிவதே இதற்குக் காரணம். இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்று படித்திருக்கிறோம். இலண்டன் நீரும் இவ்வகையைச் சேர்ந்ததே. தானிய மாவை வெந்நீரில் ஊற வைக்கும்போது அக்கரைசல் சற்றே அமிலமாக, பிஎச் 5.2 முதல் 5.5 வரை இருந்தால்தான் நொதிகள் நன்கு வேலை செய்யும். பைகார்பனேட்டு அந்த அமிலத் தன்மையைக் கெடுக்கும். ஆனால் வறுத்த கரிய தானியத்தில் இயல்பாகவே அமிலம் மிகுதி. நீரின் காரத் தன்மையை அது ஈடுகட்டிவிடுகிறது. கரும்பீர் இலண்டனில் சிறந்ததற்கும், கால்சியம் சல்பேட்டு மிகுந்த பர்ட்டன் நகர நீரில் வெளிர் பீர் சிறந்ததற்கும் இதுவே காரணம். அக்காலத்தவர் வேதியியல் அறியாமலே, தம் ஊர் நீருக்கு எது ஒத்து வருமோ அதைச் செய்து வந்தனர்.

2. முளைத்த தானியம்: பார்லியை நீரில் ஊற வைத்து, முளை விட்டதும் சூடு காட்டி உலர்த்துவர். இதற்கு மால்ட் என்று பெயர். இது நமக்குப் புதிதன்று. கேழ்வரகை ஊற வைத்துத் துணியில் கட்டி, முளைத்ததும் உலர்த்தி வறுத்து அரைத்துக் குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சித் தருகிறோம் அல்லவா? அந்தக் கூழ் கெட்டிப்படாமல் நீர்க்க இருப்பதற்கும், சற்றே இனிப்பதற்கும் காரணம் முளைக்கும்போது தோன்றும் அமைலேசு என்னும் நொதிகளே. விதையில் சேமித்த மாவுப் பொருளை அவை சர்க்கரையாக உடைக்கின்றன.

இதனை நம் ஆய்வகத்தில் ஆசிரியரின் இசைவு பெற்றுச் சோதித்தேன். அரிசிக் கஞ்சியை ஆற விட்டு, ஏறக்குறைய 60 டிகிரி வெப்பத்தில் மூன்று குடுவைகளில் எடுத்துக்கொண்டேன். முதற் குடுவையில் முளைக்காத கேழ்வரகு மாவை ஊற வைத்து வடிகட்டிய நீரையும், இரண்டாவதில் முளைத்துக் காய்ந்த கேழ்வரகு மாவின் நீரையும், மூன்றாவதில் முளைத்த பின் இரும்புச் சட்டியில் கருக வறுத்த கேழ்வரகின் நீரையும் சேர்த்தேன். அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்து அயோடினிட்டுப் பார்த்தேன். முதலாவதும் மூன்றாவதும் கருநீலமாகவே இருந்தன. இரண்டாவதில் கஞ்சி நீர்த்துப் போய், நீலமும் படிப்படியாக மங்கி, அரை மணி நேரத்திற்குப் பின் அயோடினின் பழுப்பு நிறமே எஞ்சியது. முளைத்தால் நொதி பிறக்கிறது. கருக வறுத்தால் நொதி அழிகிறது. இந்த எளிய உண்மையில்தான் போர்ட்டரின் வரலாறே திரும்பியது. அதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

3. ஹாப்ஸ்: இது ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. கசப்பும் மணமும் தருவது. இதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது மாற்றியங்களாகி நீரில் கரைகின்றன. இவை கசப்பைத் தருவதோடு, பீரைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களையும் தடுக்கின்றன. நம் பனைமரத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். பாளையிலிருந்து சொட்டுவது சர்க்கரைச் சாறுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் அதுவே கள். இன்னும் சிறிது நேரம் விட்டால் புளிப்பு. சுண்ணாம்பு நொதித்தலையே நிறுத்திவிடும். ஹாப்ஸோ ஈஸ்ட்டை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை மட்டும் அடக்கும். கள் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. போர்ட்டர் ஆறு மாதக் கடற்பயணத்தையும் தாங்கியது. கோடையில் நீண்ட பகற்பொழுது வேண்டும் என்பதால் இக்கொடி நம் சமவெளியில் பூப்பதரிது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் இது பயிரிடப்படுகிறது.

4. ஈஸ்ட்: சர்க்கரையை ஆல்ககாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றும் ஒற்றைச் செல் உயிரி. 180 கிராம் குளுக்கோசு முழுமையாக நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டைஆக்சைடும் கிடைக்கும் என்பது நாம் தேர்வில் எழுதும் கணக்கு. இதில் வெப்பமும் வெளிப்படும். போர்ட்டருக்கு உரிய ஈஸ்ட் ஏறக்குறைய 18 முதல் 22 டிகிரிக்குள் செம்மையாக வேலை செய்யும். வெப்பம் மிகுந்தால் வேண்டாத பொருள்கள் தோன்றிச் சுவை கெடும்.

கருமை வந்த வழி

தொடக்க காலப் போர்ட்டர் முழுவதும் பழுப்பு மால்ட்டால் ஆனது. விறகுத் தீயில் கடுமையாக உலர்த்தப்பட்டதால் அந்தப் பழுப்பு வந்தது. விலை குறைவு என்பதால் எல்லோரும் அதையே வாங்கினர். 1780களில் ஆலைக்குள் ஒரு கருவி நுழைந்தது. நம் இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள நீர்மமானிதான் அது. சர்க்கரைக் கரைசலின் அடர்த்தியை அளந்து பார்த்தபோது, விலை மலிவான பழுப்பு மால்ட்டு வெளிர் மால்ட்டைவிட மிகக் குறைவாகவே சர்க்கரை தருகிறது என்பது தெரிய வந்தது. மலிவு என்று நினைத்தது உண்மையில் அதிகச் செலவாக இருந்தது! சூட்டில் நொதிகள் அழிந்ததே காரணம் என்பதை மேற்கண்ட சோதனையால் நாம் உணரலாம்.

உடனே ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின. ஆனால் நிறம் போயிற்று. கருமை இல்லாத போர்ட்டரை யார் வாங்குவார்? சிலர் கருக்கிய சர்க்கரையைக் கலந்தனர். வேறு சிலர் மால்ட்டைக் குறைத்துவிட்டு, அக்குறையை மறைக்கப் போதை தரும் நஞ்சுகளைக் கலந்தனர். அவற்றுள் ஒன்று நம் நாட்டிலிருந்து சென்ற காக்கைக்கொல்லி விதை. மீன் பிடிப்போர் நீரில் தூவி மீன்களை மயக்கும் அதே விதைதான். அதிலுள்ள பிக்ரோடாக்சின் வலிப்பை உண்டாக்கும் கொடிய நஞ்சு. பிரடெரிக் ஆக்கும் என்ற வேதியியலார் 1820இல் வெளியிட்ட உணவுக் கலப்படம் பற்றிய நூலில் இதனை அம்பலப்படுத்தினார். மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதையும் நிறத்துக்காகச் சேர்க்கக் கூடாது என்று 1816இல் பிரிட்டனில் சட்டம் வந்தது.

இந்நிலையில்தான் 1817இல் டேனியல் வீலர் என்பவர் காப்பிக் கொட்டை வறுப்பது போன்ற உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 200 டிகிரிக்கு மேல் வறுபட்ட இந்தக் கருமால்ட்டில் நொதி சிறிதும் இல்லை. ஆனால் சிறிதளவே ஒரு பெருந்தொட்டியைக் கருப்பாக்கப் போதும். வெளிர் மால்ட்டு சர்க்கரைக்கு, கருமால்ட்டு நிறத்துக்கு என்று வேலை பிரிந்தது. இன்றுவரை போர்ட்டரும் ஸ்டவுட்டும் இவ்வழியிலேயே செய்யப்படுகின்றன. வறுக்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்புப் பொருள்களைத் தோற்றுவிக்கின்றன. 1912இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையார் பெயரால் அது வழங்குகிறது. காப்பியின் மணமும், தோசையின் முறுகலும் இதே வினையின் பயன்களே.

கடல் கடந்த போர்ட்டர்

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் போர்ட்டர் இந்தியாவுக்கும் வந்தது. வெள்ளை அதிகாரிகள் வெளிர் பீரை விரும்ப, படைவீட்டுச் சிப்பாய்களுக்குப் போர்ட்டர் பீப்பாய் பீப்பாயாக இறங்கியது. இங்கும் உழைப்போர் பானமாகவே அது இருந்தது. பின்னர் இங்கேயே ஆலைகள் தோன்றின. அவை தோன்றிய இடங்களைப் பாருங்கள்: இமயமலைச் சாரலில் கசவுலி, தெற்கே நீலகிரி, இலங்கையில் நுவரெலியா. குளிர்பதனக் கருவி இல்லாத காலத்தில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய குளிர்ச்சி மலையில்தான் கிடைத்தது. நீலகிரி, பெங்களூர், சென்னைப் பகுதிகளில் இருந்த சில ஆலைகளை ஒன்றாக்கி 1915இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தொடங்கியதே யுனைடெட் புருவரீஸ்.

நுவரெலியாவைப் பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெரியவர். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊரில் எல்லோருக்கும் 'சிலோன் தாத்தா'. போர்ட்டர் என்று நான் சொன்னதும், "எங்க மலையில கறுப்பு பீர்க் கம்பெனி இருந்துச்சே சாமி. அவிக்கிற அன்னிக்குப் பனியோட சேர்ந்து வறுத்த வாசம் லயம் வரைக்கும் வரும்" என்றார். 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய அந்த ஆலையில் உருவானதுதான் 'லயன் ஸ்டவுட்'. 1990களின் இறுதியில் உற்பத்தி கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு மாறிவிட்டது. 8.8 சதவீத ஆல்ககால் கொண்ட அந்தக் கரும்பீரை, பீர் வகைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேய எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் பாராட்டி எழுதியதால் மேனாடுகளிலும் அதற்குப் பெயர் கிடைத்தது. பாலும் மால்ட்டும் கடல் கடந்து வந்த பொருள்களா என்று தாத்தாவைக் கேட்டேன். "மூட்டை எங்கிருந்து வந்துச்சோ, ஏத்துனது எறக்குனது நம்ம சனந்தான்" என்றார்.

பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கறுப்பு பீர் கொடுத்தால் உடம்பு தேறும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டாம். கரிய நிறம் இரும்புச் சத்தின் நிறம் என்று பலர் நினைக்கின்றனர். அது வறுபட்டதன் நிறமே அன்றி இரும்பின் நிறமன்று. கின்னஸ் நிறுவனமே 1929 முதல் தன் பானம் உடலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்து வந்தது. பின்னாளில் அக்கூற்றைக் கைவிட்டது. தாய்ப்பால் தரும் பெண் ஆல்ககால் அருந்தினால் அது பாலிலும் கலக்கும் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆலையில் பிறந்த அறிவியல்

பீரால் அறிவியலுக்கு விளைந்த நன்மையையும் ஒதுக்கிவிட முடியாது. நம் புள்ளியியல் பாடத்தில் வரும் 'ஸ்டூடண்ட் டி சோதனை'யை வகுத்த வில்லியம் சீலி காஸெட், கின்னஸ் ஆலையில் வேலை பார்த்தவர். சில மாதிரிகளை மட்டும் கொண்டு பார்லியின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்பதே அவர் முன் நின்ற கேள்வி. 1908இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் அவர் தம் கட்டுரையை வெளியிட்டார். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பிஎச் அளவை 1909இல் அறிமுகப்படுத்திய சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அதே ஆய்வகத்தில் 1883இல் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தார். லூயி பாஸ்டர் 1876இல் பீரின் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு பொருளைப் படிப்பது வேறு. அதனைப் பருகுவது வேறு. என் தாயாருக்கு நான் முதலில் சொன்ன பதில் இதுதான்.

கூலியும் குடியும்

ஆனால் நான் தேடியது இவற்றையல்ல. சுமைதூக்குவோர் ஏன் இவ்வளவு குடித்தனர் என்பதே என் மனத்தை உறுத்திய கேள்வி. அதற்கு விடையாகக் கிடைத்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தேம்ஸ் ஆற்றில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் தொழிலாளர்களுக்கு வேலை எங்கே கிடைத்தது தெரியுமா? ஆற்றோர மதுக்கடைகளில்! கப்பல்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவர் மதுக்கடைக்காரரே. கூலியும் அந்தக் கடையிலேயே கொடுக்கப்பட்டது. யார் அதிகம் குடிக்கிறாரோ அவருக்கே மறுநாள் வேலை. குடிக்காதவருக்கு வேலை இல்லை. குடித்த கணக்கைக் கழித்துக்கொண்டு மிச்சம் தரப்பட்டது. ஆகவே அவர்கள் குடித்தது விருப்பத்தால் மட்டும் அன்று. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவும் குடித்தனர்.

இக்கொடுமையை எதிர்த்துத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் முறையிட்டனர். இறுதியில் 1843இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன் அப்போது வணிகத் துறையின் பொறுப்பில் இருந்து அதைக் கொண்டு வந்தார். அதன்படி ஒரு தனி அலுவலகம் திறக்கப்பட்டது. தொழிலாளர்கள் அங்கே பெயர் பதிந்து, முறைப்படி வேலை பெற்று, மதுக்கடைக்கு வெளியே கூலி வாங்கினர். ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர் சில ஆண்டுகள் கழித்து அவர்களைச் சந்தித்து எழுதியபோது, தங்கள் வாழ்வும் வீடும் மாறியதை அவர்கள் எடுத்துரைத்தனர். குடியை விடுங்கள் என்ற அறிவுரை பல காலமாக அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கூலி கொடுக்கும் இடம் மாறிய பிறகே பலருக்கு அது இயன்றது.

குடித்தால் சுமை தூக்கத் தெம்பு வரும் என்பது அன்றும் இன்றும் சொல்லப்படுவது. என் தந்தையாரும் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8.8 சதவீதமுள்ள 650 மில்லி பீரில் ஏறக்குறைய 45 கிராம் எத்தனால் உள்ளது. 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம். ஒரு கிராமுக்கு 7 கலோரி வீதம் ஆற்றல் உண்டு என்பது மெய்யே. ஆனால் அந்த ஆற்றல் நேராகத் தசைக்குப் போவதில்லை. கல்லீரல் மற்ற வேலைகளை நிறுத்தி வைத்துவிட்டு, எத்தனாலை முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பின்னர் அசிட்டிக் அமிலமாகவும் மாற்றியாக வேண்டும். சிறுநீர் மிகுந்து உடலின் நீரும் குறையும். வியர்வை சிந்தும் மனிதனுக்கு இது இரட்டை இழப்பு. பழைய போர்ட்டரில் நொதிக்காமல் எஞ்சிய மாவுச் சத்தாவது இருந்தது. பிராந்தியில் அதுவும் இல்லை. ஒரு சொம்பு கம்பங்கூழ் தரும் தெம்பை எந்தக் குப்பியும் தருவதில்லை.

கலப்படத்தின் கொடுமையும் பழங்கதையாகிவிடவில்லை. அன்று காக்கைக்கொல்லி, நம் நாளில் மெத்தனால். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் இடையே ஒரு கார்பன் அணுவே வேறுபாடு. உடலில் மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. இறந்தோரில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்களே என்பது நெஞ்சைச் சுடுகிறது.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். நொதி, பிஎச் என்னும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெயர் வந்த வரலாற்றைக் கேட்டதும், "அப்ப நம்மாளுக பேருதானா அது? பேரு நம்முளுது, காசு அவனுது" என்று சிரித்தார். நிலக்கரித் தொழிலாளர் பகுதி வந்ததும் சிரிப்பு நின்றது. "கூலிய எங்க வச்சுக் குடுத்தாங்கன்னு சொன்னே? அத இன்னொருக்கா படி" என்றார். இருமுறை படித்தேன்.

அவர் குழுவில் பதினொரு பேர். விடியற்காலையில் மொத்தமாக வரும் கூலியைப் பங்கு பிரிக்கச் சில்லறை வேண்டும். அந்த நேரத்தில் சில்லறை கிடைப்பது சட்டத்துக்குப் புறம்பாகச் சரக்கு விற்கும் ஓர் இடத்தில்தான். ஆகவே பங்கு அங்கேயே பிரிக்கப்பட்டு வந்தது. பங்கு கைக்கு வரும்போதே அதில் ஒரு பகுதி அங்கே தங்கிவிடும். இது எனக்கு அதுநாள்வரை தெரியாது. தந்தையார் மனம் பலவீனமானவர் என்றே நான் எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணியதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒரு மாதம் கழித்து, சந்தைக்கு அருகிலுள்ள தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சனிக்கிழமைகளில் சில்லறை எடுத்து வைக்க ஒப்புக்கொண்டதாகத் தந்தையார் சொன்னார். இப்போது சனிக்கிழமைப் பங்கு அங்கே பிரிக்கப்படுகிறது. மற்ற நாள்கள் பழையபடியேதான். அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அது உண்மையாகாது. சனிக்கிழமைக் கூலி முழுதாக வீடு வருகிறது என்பது மட்டும் உண்மை. அந்தப் பணத்திலிருந்துதான் இப்பருவத் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினேன்.

நண்பர்களே! நம்மில் பலர் இத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்களே. கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக வைத்த வள்ளுவர் வழி வந்தவர்கள் நாம் என்று மேடையில் முழங்குவது எளிது. நாம் கற்கும் அறிவியலையும் வரலாற்றையும் நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு சென்று, புரியும்படி எடுத்துரைப்பது சற்றுக் கடினம். எனினும் அதைச் செய்யத்தான் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். இதுவே என் தாயாருக்கு நான் சொல்லும் இரண்டாவது பதில்.